பீரியட்ஸைத் தள்ளிப்போடுவது எப்படி: தேதி எண்ணுவதிலிருந்து மாத்திரையை நிறுத்துவது வரை

மருந்துக்கடை கவுண்டரில் நிற்பவர்களுக்கு முகூர்த்த நாள் வருவது காலண்டரைப் பார்க்காமலே தெரிந்துவிடும். முந்தைய நாள் சாயங்காலம் தம்பியையோ அப்பாவையோ அனுப்பி, போனில் டைப் செய்த மாத்திரைப் பெயரைக் காட்டச் சொல்வார்கள். "அக்கா, இது ஒரு அட்டை." எப்போது ஆரம்பிக்க வேண்டும், எத்தனை வேளை, யார் போடப்போகிறார்கள், எதுவும் வந்தவருக்குத் தெரியாது. அந்த ஒரு அட்டை பெரும்பாலும் வீணாகத்தான் போகும். மாத்திரையில் குறை இல்லை, நாள் கடந்துவிட்டதுதான் காரணம்.

கல்யாணம், தேர்வு, உம்ரா, நீச்சல் போட்டி, எதற்காகத் தள்ளிப்போடுகிறீர்கள் என்பது உங்கள் விஷயம். செய்ய வேண்டியதை வரிசைப்படி கீழே எழுதியிருக்கிறேன். வரிசை மாறினால் பலன் கிடைக்காது.

1. கையில் எத்தனை நாள் இருக்கிறது?

எல்லா முடிவும் இதிலிருந்துதான் கிளம்புகிறது. விசேஷத்துக்கு இன்னும் ஒரு மாதவிடாய்ச் சுழற்சியாவது முழுதாக இருந்தால் உங்களுக்கு இரண்டு மூன்று வழிகள் உண்டு. பீரியட்ஸ் வர நான்கைந்து நாள்தான் இருக்கிறது என்றால் ஒரே வழிதான், நோரெதிஸ்டிரோன் மாத்திரை. லேசாகப் பட ஆரம்பித்துவிட்டதா? தள்ளிப்போடும் பேச்சை விட்டுவிட்டு நேராக 8-ஆம் பகுதிக்குப் போங்கள்.

காரணம் எளிது. கருமுட்டை வெளிவந்த பிறகு உடலில் புரொஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் கூடும். கர்ப்பப்பையின் உள்சுவரைக் கலையாமல் பிடித்து வைப்பது அதுதான். கரு தங்காவிட்டால் ஏறக்குறைய 14 நாளில் அது சரிந்துவிடும், உள்சுவர் கழன்று வெளியே வரும். அந்த ஹார்மோன் சரியும் முன்பே வெளியிலிருந்து அதே வேலையைச் செய்யும் மருந்தைக் கொடுத்தால் சுவர் அப்படியே நிற்கும். கலைய ஆரம்பித்த பிறகு கொடுத்து நிற்குமென்று நம்ப முடியாது.

2. தேதியைச் சரியாக எண்ணுங்கள்

அதிகம் பேர் சறுக்குவது இங்கேதான், அதுவும் இரண்டு விதமாக.

முதலாவது, பீரியட்ஸ் முடிந்து தலைக்குக் குளித்த நாளிலிருந்து எண்ணுவது. எண்ண வேண்டியது ரத்தம் பட்ட முதல் நாளிலிருந்து.

இரண்டாவது, "மாசா மாசம் அதே தேதிதான்" என்று நம்புவது. ஆகஸ்ட் 4-ஆம் தேதி வந்தால் செப்டம்பர் 4-இல் வரும் என்று கணக்குப் போடுகிறார்கள். 28 நாள் சுழற்சி உள்ளவருக்கு அது செப்டம்பர் 1-ஆம் தேதியே வந்துவிடும். மூன்று நாள் வித்தியாசம். மாத்திரையை மூன்று நாள் முன்னதாகத் தொடங்க வேண்டும் என்பதால், இந்தத் தப்புக் கணக்கில் தொடங்கும் நாளும் வரும் நாளும் ஒன்றாகிவிடும்.

கடைசி ஐந்தாறு மாதத் தேதிகளை எடுத்து வரிசையாக எழுதுங்கள். போன் ஆப் சொல்லும் அடுத்த தேதி சராசரிக் கணக்கு, அதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். உங்களுக்கு வந்ததிலேயே மிகக் குறுகிய சுழற்சி எத்தனை நாள் என்று பாருங்கள். 26 நாளிலிருந்து 30 நாள் வரை மாறி மாறி வருகிறது என்றால் 26-ஐ எடுங்கள். ஆகஸ்ட் 4-க்கு 26 நாள் கூட்டினால் ஆகஸ்ட் 30. அதற்கு மூன்று நாள் முன்னால் ஆகஸ்ட் 27, அன்றுதான் மாத்திரை தொடங்க வேண்டிய நாள்.

பிசிஓடி, அதாவது சினைப்பை நீர்க்கட்டி இருப்பவர்கள், ஒரு மாதம் 35 நாள் அடுத்த மாதம் 50 நாள் என்று வருபவர்கள், இந்தக் கணக்கை நம்ப முடியாது. அவர்களுக்கு முந்தைய மாதமே டாக்டரைப் பார்ப்பதுதான் சரி. மாத்திரை கொடுத்து ஒருமுறை வரவழைத்துவிட்டு, அதிலிருந்து கணக்கைத் தொடங்குவார்கள்.

3. டாக்டரிடம் என்ன சொல்ல வேண்டும்

நோரெதிஸ்டிரோன் டாக்டர் சீட்டுக்குக் கொடுக்க வேண்டிய மருந்து. சீட்டு இல்லாமலும் சில கடைகளில் கிடைக்கிறது, அது வேறு கதை. டாக்டரைப் பார்ப்பது மாத்திரைப் பெயருக்காக அல்ல. உங்கள் உடம்புக்கு அது ஆகுமா என்று கேட்கத்தான். கீழே உள்ளவற்றில் ஏதாவது இருந்தால், அவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லிவிடுங்கள்.

காலில் அல்லது நுரையீரலில் முன்பு ரத்தக்கட்டு வந்தது, அல்லது வீட்டில் நெருங்கியவர்களுக்கு வந்தது. மாரடைப்பு, பக்கவாதம். மார்பகப் புற்றுநோய். கல்லீரல் கோளாறு, கர்ப்பமாக இருந்தபோது வந்த மஞ்சள் காமாலை. காரணம் தெரியாமல் நடுநடுவே ரத்தம் படுவது. சமீபத்தில் நடந்த அல்லது நடக்கப்போகும் பெரிய ஆபரேஷன்.

ஈஸ்ட்ரோஜென், புரொஜெஸ்டிரோன் வகை ஹார்மோன் இரண்டும் கலந்த கருத்தடை மாத்திரை என்றால் இன்னும் சில உண்டு: உயர் ரத்த அழுத்தம், கண்ணில் பளிச்சென்று ஒளி தெரிந்த பிறகு வரும் மைக்ரேன், 35 வயதுக்கு மேல் புகைப்பழக்கம், ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்குத் தாய்ப்பால் கொடுப்பது. பிபி பார்க்காமல் இதைத் தொடங்காதீர்கள்.

நோரெதிஸ்டிரோனில் ஒரு ஹார்மோன்தானே, அதில் ரத்தக்கட்டுப் பயம் இல்லை என்று பலரும் நினைக்கிறார்கள். தள்ளிப்போடக் கொடுக்கும் அளவில் அதன் ஒரு பகுதி உடலுக்குள் ஈஸ்ட்ரோஜென் வகையாக மாறுகிறது. அதனால் ரத்தக்கட்டு அபாயம் உள்ளவர்களுக்கு அதுவும் ஏற்றதல்ல. அவர்களுக்கு மெட்ராக்ஸி புரொஜெஸ்டிரோன் என்ற வேறு மாத்திரையை டாக்டர் யோசிப்பார்.

போட்டுக்கொண்டிருக்கும் மற்ற மருந்துகளையும் சொல்லுங்கள். காசநோய்க்கான ரிஃபாம்பிசின், வலிப்புக்கான ஃபெனிடாயின், கார்பமசெபின் போன்றவை ஹார்மோன் மாத்திரையின் வேகத்தைக் குறைத்துவிடும்.

கர்ப்பமாக இருக்க வாய்ப்பு இருந்தால் முதலில் சிறுநீர்ப் பரிசோதனை. "வீட்டில் விசேஷம், இதெல்லாம் இப்போது எதற்கு" என்று தாண்டிப்போகாதீர்கள்.

பள்ளிக்கூடம் போகும் பெண்ணுக்குத் தேர்வுக்காகக் கேட்கும் அம்மாக்களுக்கு ஒரு வார்த்தை: உங்களுக்கு எழுதிய பழைய சீட்டை வைத்து மகளுக்கு வாங்காதீர்கள். வயசுக்கு வந்து ஓரிரு வருடம் சுழற்சியே ஒழுங்காக இருக்காது. அவளை நேரில் கூட்டிப்போய்க் காட்டுங்கள்.

4. நோரெதிஸ்டிரோன்: எப்போது, எத்தனை, எதுவரை

ப்ரிமோலுட்-என் என்ற பெயரில் பலருக்கும் தெரிந்த மாத்திரை இதுதான். வேறு பல பிராண்டுகளிலும் வருகிறது. வழக்கமான அளவு 5 மி.கி., ஒரு நாளைக்கு மூன்று வேளை, எதிர்பார்க்கும் தேதிக்கு மூன்று நாள் முன்பிருந்து. சிலருக்கு டாக்டர் இரண்டு வேளை எழுதுவார். சீட்டில் என்ன இருக்கிறதோ அதைச் செய்யுங்கள், பக்கத்து வீட்டு அக்காவின் அளவு உங்களுக்கு வேண்டாம்.

மேலே போட்ட கணக்கையே தொடர்வோம். செப்டம்பர் 3 முகூர்த்தம், 5-ஆம் தேதி மறுவீடு. ஆகஸ்ட் 27 தொடங்கி செப்டம்பர் 5 இரவு வரை போட வேண்டும். பத்து நாள், நாளுக்கு மூன்று, ஆக 30 மாத்திரை. பத்து மாத்திரை அட்டை என்றால் மூன்று அட்டை. "ஒரு அட்டை போதும்" என்று வாங்கிப்போனவர்கள், தாலி கட்டும் நாளுக்கு முன்பே மாத்திரை தீர்ந்துபோய் அலைவார்கள். மொத்தமாகக் கையில் வாங்கி வைத்துக்கொண்ட பிறகே முதல் மாத்திரையைப் போடுங்கள்.

அட்டையில் மி.கி. அளவைப் படியுங்கள். 5-க்கு மேல் அளவுள்ள, மெதுவாகக் கரையும் வகைகளும் உண்டு. அதை மூன்று வேளை போட்டால் அளவு எங்கேயோ போய்விடும்.

மூன்று வேளை என்றால் காலை, மதியம், இரவுச் சாப்பாட்டோடு என்று அர்த்தமில்லை. எட்டு மணி நேர இடைவெளிக்கு எவ்வளவு நெருக்கமாக முடியுமோ அவ்வளவு. காலை 6, மதியம் 2, இரவு 10 என்று போனில் அலாரம் வையுங்கள். இடைவெளி நீண்டால் ஹார்மோன் அளவு இறங்கும், இறங்கினால் படும். கல்யாண வீட்டில் மதிய வேளைதான் பெரும்பாலும் தவறும். மேக்கப் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கு யாராவது ஒருத்தர் கொண்டுவந்து கொடுக்க ஏற்பாடு செய்துவிடுங்கள், தங்கையிடம் சொன்னால் மறக்காது.

ஒருவேளை விட்டுப்போனால் ஞாபகம் வந்ததும் போடுங்கள். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் அதை மட்டும் போடுங்கள், இரண்டாகச் சேர்த்து விழுங்க வேண்டாம்.

இந்த வழியில் 10 முதல் 14 நாளுக்கு மேல் போக வேண்டாம். அதற்கு மேல் தேவை என்றால் இது சரியான மாத்திரை அல்ல.

வயிறு உப்புசம், மார்பில் கனம், குமட்டல், தலைவலி, காரணமில்லாத எரிச்சல், இவை வரலாம். நிறுத்தியதும் போய்விடும். ஆனால் ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும், மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, திடீரென்று தாங்க முடியாத தலைவலி, பார்வை மங்கல், கண் மஞ்சளாவது, இதில் எது வந்தாலும் மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மண்டபத்தில் ஆள் இல்லை என்று அடுத்த நாளுக்குத் தள்ளாதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள்.

இன்னொன்று, புதுமணத் தம்பதிகளுக்கு யாரும் சொல்லாதது: இப்படிப் போடும் நோரெதிஸ்டிரோனைக் கருத்தடையாக நம்ப முடியாது. "மாத்திரைதான் போடுகிறேனே" என்று இருந்துவிட்டு, பிறகு பீரியட்ஸ் வராமல் குழம்பி நிற்பவர்கள் உண்டு. இப்போது குழந்தை வேண்டாம் என்றால் ஆணுறை, அல்லது அடுத்து வரும் வழி.

5. ஒரு மாதம் முன்னால் முடிவெடுத்தால்: கருத்தடை மாத்திரை

என்னைக் கேட்டால், மணப்பெண்ணுக்கு இதுதான் நல்ல வழி. தேதியும் உங்கள் கையில், கருத்தடையும் சேர்ந்தே கிடைக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகத் தரும் மாலா-என், கடையில் வாங்கும் மாலா-டி எல்லாம் இந்த வகை. அட்டையில் 21 ஹார்மோன் மாத்திரையும், நிறம் வேறாக 7 இரும்புச்சத்து மாத்திரையும் இருக்கும். அந்த ஏழு நாளில் ஹார்மோன் இல்லாததால்தான் பீரியட்ஸ் வருகிறது. அந்த ஏழு நாளை எங்கே வைப்பது என்பதுதான் இந்த வழியின் சூட்சுமம்.

அதே தேதிகள். ஆகஸ்ட் 4-இல் பீரியட்ஸ் வந்ததும் முதல் மாத்திரை. ஆகஸ்ட் 24-இல் 21 முடியும். இப்போது இரண்டு விதமாகப் போகலாம்.

ஒன்று, வழக்கம்போல இரும்பு மாத்திரைக்குப் போவது. ஆகஸ்ட் 27 வாக்கில் பீரியட்ஸ் வந்து, செப்டம்பர் 1 வாக்கில் முடிந்துவிடும். அன்றே புது அட்டை. செப்டம்பர் 3-க்கு எதையும் தள்ளவே தேவையில்லை, தானாக முன்னால் நகர்ந்துவிட்டது.

இரண்டு, இரும்பு மாத்திரையை விட்டுவிட்டு ஆகஸ்ட் 25-ஆம் தேதி நேராக அடுத்த அட்டையின் ஹார்மோன் மாத்திரைக்குப் போவது. செப்டம்பர் 14 வரை வராது.

புதிதாகத் தொடங்குபவர்களுக்கு நான் முதலாவதைத்தான் சொல்வேன். முதல் சுழற்சியில் இடையே லேசாகப் படுவது சகஜம், இரண்டாவது வழியில் அந்தத் திட்டு சரியாக விசேஷ நாளில் விழலாம். ஏற்கெனவே மூன்று மாதமாகப் போட்டுவருபவர்கள் என்றால் இரண்டாவது வழி நன்றாகவே வேலை செய்யும்.

தவறு நடக்கும் இடம்: இரும்பு மாத்திரையை விடுவதற்குப் பதில், அட்டையைத் தப்பான பக்கத்திலிருந்து தொடங்கி அதையே முதலில் போட்டுவிடுவது. அட்டையின் பின்புறம் அம்புக்குறி இருந்தால் அதைப் பின்பற்றுங்கள், இல்லாவிட்டால் நிறத்தைப் பாருங்கள். விழுங்கிய மூன்று மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் இன்னொன்று போட வேண்டும்.

"மாதாமாதம் வராவிட்டால் கெட்ட ரத்தம் உள்ளே தங்கிவிடாதா?" தங்காது. இந்த மாத்திரை போடும்போது உள்சுவர் தடிப்பதே குறைவு, சேர்ந்துபோக அங்கே எதுவும் இல்லை. பின்னால் குழந்தை தங்குவதையும் இது கெடுக்காது.

6. நிறுத்திய பிறகு

நோரெதிஸ்டிரோனை நிறுத்தி இரண்டு மூன்று நாளில் பீரியட்ஸ் வரும். நம் கணக்கில் செப்டம்பர் 7 அல்லது 8. தேனிலவுக்கு அன்று ரயில் டிக்கெட் போட்டிருந்தால் பையில் பேட் எடுத்துவையுங்கள். சிலருக்கு வழக்கத்தைவிடச் சற்று அதிகம் போகும். அடுத்த மாதக் கணக்கை இந்த முதல் நாளிலிருந்து எண்ண வேண்டும்.

ஒரு வாரம், பத்து நாள் ஆகியும் வரவில்லையா? கர்ப்பப் பரிசோதனை செய்யுங்கள். வரவழைக்க இன்னொரு மாத்திரை கேட்டுக் கடைக்கு வராதீர்கள்.

ஆடி வெள்ளி, தை வெள்ளி, கும்பாபிஷேகம் என்று மாதாமாதம் நோரெதிஸ்டிரோன் போடுபவர்கள் இருக்கிறார்கள். சுழற்சியே குழம்பி, எது நிஜப் பீரியட்ஸ் எது மாத்திரையால் வந்தது என்று தெரியாமல் போகும். அடிக்கடி தேவைப்படுகிறது என்றால் 5-ஆம் பகுதியில் சொன்ன வழியைப் பற்றி டாக்டரிடம் பேசுங்கள்.

7. ஹஜ் போன்ற நீண்ட பயணம்

ஹஜ் பயணம் மக்கா, மதீனா எல்லாம் சேர்த்து நாற்பது நாள் வரை நீளும். மாதவிடாய் நாளில் தவாஃப், அதாவது காபாவைச் சுற்றிவரும் வழிபாடு, செய்ய முடியாது என்பதால் பெண்கள் மொத்தப் பயணத்துக்கும் நோரெதிஸ்டிரோன் கேட்கிறார்கள். 14 நாள் எல்லை உள்ள மாத்திரையை நாற்பது நாளுக்கு நீட்டுவது சரியில்லை.

இரண்டு மூன்று மாதம் முன்பே மகப்பேறு டாக்டரைப் பார்த்து, உடம்புக்கு ஆகும் என்றால் 5-ஆம் பகுதியில் சொன்ன கலப்பு மாத்திரையைத் தொடங்கி, இடைவெளி விடாமல் தொடர்வது நல்லது. லேசாகப் படும் தொந்தரவு ஊரிலேயே தீர்ந்துவிடும். அல்லது எந்த நாட்கள் கட்டாயம் என்று குறித்துக்கொண்டு, அதற்கு மட்டும் தள்ளிப்போடலாம். ஹஜ் போகிற பலர் 40 வயதைத் தாண்டியவர்கள், சர்க்கரையும் பிபியும் இருக்கும், நீண்ட விமானப் பயணம் வேறு. 3-ஆம் பகுதி இவர்களுக்கு இரட்டிப்பு முக்கியம். விமானத்தில் கால்களை அசைத்து, இடையிடையே எழுந்து நடங்கள்.

8. ஏற்கெனவே வந்துவிட்டால்

நிறுத்த முடியாது, குறைக்கலாம். டிரானெக்ஸாமிக் அமிலம் போக்கைக் குறைக்கும், மெஃபெனமிக் அமிலம் வலியையும் கொஞ்சம் போக்கையும் குறைக்கும். இரண்டும் தள்ளிப்போடும் மருந்து அல்ல. ரத்தக்கட்டு வந்தவர்கள் முதலாவதையும், வயிற்றுப்புண் உள்ளவர்கள் இரண்டாவதையும் டாக்டரைக் கேட்காமல் தொடக்கூடாது. நீச்சல், விளையாட்டுக்கு மென்ஸ்ட்ருவல் கப் பெரிய உதவி. முதல்முறை போட்டியன்று முயலாமல், முந்தைய மாதமே பழகிக்கொள்ளுங்கள்.

9. வேலைக்கு ஆகாதவை

வெறும் வயிற்றில் பொட்டுக்கடலை, எலுமிச்சைச் சாறு, வினிகர். எதுவும் தள்ளிப்போடும் என்பதற்கு ஆதாரம் இல்லை. பொட்டுக்கடலையால் கெடுதலும் இல்லை, ஆனால் அதை நம்பி அந்த மூன்று நாளை விட்டுவிடுகிறார்கள்.

ஐ-பில் போன்ற அவசரக் கருத்தடை மாத்திரை இதற்கானது இல்லை. அது பீரியட்ஸை முன்னாலும் தள்ளும், பின்னாலும் தள்ளும், எப்படி என்று யாராலும் சொல்ல முடியாது. வாரத்துக்கு ஒன்றிரண்டு என்று போடும் சாயா கருத்தடை மாத்திரையும் அப்படித்தான். போடுபவர்களுக்கு நாள் தள்ளிப்போவது உண்மை, ஆனால் உங்கள் தேதிக்குத் தோதாக அல்ல.

10. மாதக்கணக்கில், வருடக்கணக்கில் நிற்க வேண்டும் என்றால்

இது தனிக் கதை, இதற்கு அவசரமும் கூடாது. கலப்பு மாத்திரையை இடைவெளியின்றித் தொடர்வது ஒரு வழி.

அரசு மருத்துவமனையில் இலவசமாகப் போடும் அந்தரா கருத்தடை ஊசி மூன்று மாதத்துக்கு ஒருமுறை. தொடக்க மாதங்களில் ஒழுங்கில்லாமல் படும். ஒரு வருடம் போட்டவர்களில் பாதிப்பேருக்கு முற்றிலும் நின்றுவிடும். நிறுத்திய பிறகு கரு தங்க மாதக்கணக்கில் தாமதமாகும், எலும்பின் அடர்த்தியும் சற்றுக் குறையும். சீக்கிரம் குழந்தை வேண்டும் என்பவர்களுக்கு இது சரிப்படாது. ஒரே ஒரு விசேஷத்துக்காக இதைப் போடுவதும் அர்த்தமில்லை.

மிரேனா என்ற ஹார்மோன் சாதனத்தைக் கர்ப்பப்பைக்குள் வைக்கலாம். முதல் மூன்று முதல் ஆறு மாதம் திட்டுத்திட்டாகப் படும், பிறகு போக்கு வெகுவாகக் குறையும், ஒரு வருடத்தில் ஐந்தில் ஒருவருக்கு நின்றே விடும். இதைக் காப்பர்-டியோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். காப்பர்-டியில் ஹார்மோன் இல்லை, அது போக்கைக் கூட்டத்தான் செய்யும்.

உள்சுவரைச் சுட்டு அகற்றும் சிகிச்சை இனி குழந்தை வேண்டாம் என்று முடிவு செய்தவர்களுக்கு மட்டும். கர்ப்பப்பையையே எடுப்பது பீரியட்ஸ் தொந்தரவுக்காக முதலில் யோசிக்கும் வழி அல்ல. "இரண்டு குழந்தை ஆச்சு, இனி எதுக்கு" என்று யாராவது சொன்னால் இன்னொரு டாக்டரிடமும் கேளுங்கள்.

நிறுத்த நினைப்பதே போக்கு தாங்க முடியாததால் என்றால், அதாவது மணிக்கு ஒரு பேட் நனைகிறது, கட்டி கட்டியாகப் போகிறது, படியேறினால் மூச்சு வாங்குகிறது என்றால், முதலில் காரணத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். ஹீமோகுளோபின், தைராய்டு, ஸ்கேன், இந்த மூன்றையும் எடுத்துக்கொண்டு மகப்பேறு டாக்டரைப் பாருங்கள். கர்ப்பப்பைக் கட்டி இருந்தால் அதற்கான வைத்தியம் வேறு.